கார் நிற்காத கார் ஷெட்: காலி செய்யும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுபது, எண்பதுகளில் கட்டிய தனி வீடுகளில் வாசல் கேட்டைத் திறந்ததும் பக்கவாட்டில் ஒரு கார் ஷெட் இருக்கும். கார் தெருவில் நிற்கும். உள்ளே ஓடாத ஸ்கூட்டர், அண்டா, கட்டில் சட்டம், பெயின்ட் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டிலில் துருப்பிடித்த ஆணி, "ஒரு வாரம் இருக்கட்டும்" என்று யாரோ இறக்கிவைத்துப் போன பீரோ. வீட்டை ஃப்ளாட் கட்டக் கொடுக்கும்போதோ, பெற்றோர் காலத்துக்குப் பிறகு பாகம் பிரிக்கும்போதோதான் எல்லாருக்கும் ஷெட் ஞாபகம் வருகிறது. அப்போது சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சென்னையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்களுக்குச் சின்னச் சின்ன மாற்றத்தோடு பொருந்தும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காகிதத்திலிருந்து. பெரும்பாலானவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். உடனே இடம் கிடைக்கும் என்று பேப்பர் கட்டுகளையும் பழைய ஃபைல்களையும் முதல் நாளே எடைக்குப் போட்டுவிட்டு, அப்புறம் அண்டா குண்டானை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசிப்பார்கள். அண்டாவைக் குறைந்த விலைக்கு விற்றால் கொஞ்சம் பணம்தான் போகும். மூலப் பத்திரம் பேப்பர்காரர் சாக்கில் போய்விட்டால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், வக்கீல், சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதற்குப் பிறகும் வாங்க வருபவர் முகத்தில் ஒரு சந்தேகம் இருக்கும்.

முக்கியமான தாளெல்லாம் பீரோ லாக்கரில்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பஞ்சாங்கத்துக்குள், பழைய டைரி அட்டைக்குள், கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள், டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே என்று எங்கும் கிடைக்கும். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். ஒவ்வொரு கவருக்குள்ளும் விரல் விட்டுப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைக் கூலி ஆளிடம் விடக் கூடாது.

காகிதம் முடிந்த பிறகு உலோகம், அதன் பிறகு மரம். மற்றதெல்லாம் அதற்கப்புறம். தொலைந்தால் திரும்பக் கிடைக்காததை முதலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுத்துவிடலாமா?

வேண்டாம். போர்டிகோவில் தார்ப்பாய் விரித்து, ஒரு மூலையை மட்டும் எடுத்து, பிரித்து, முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போங்கள். மொத்தத்தையும் வெளியே பரப்பினால் சாயங்காலம் ஆனதும் எல்லாம் உள்ளேயே திரும்பப் போகும், முன்பைவிடக் குழப்பமாக. இன்னொன்று: கேட்டைத் தாண்டி ஒரு பொருள் போக வேண்டும் என்றால் அதைச் சொல்ல வேண்டியவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். "மாமாதான் எடுத்துட்டுப் போகச் சொன்னார்" என்ற வாக்கியத்தில்தான் பாதிச் சண்டை ஆரம்பிக்கிறது.

எந்தக் காகிதத்தை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது?

வீடு, நிலம் சம்பந்தப்பட்ட எதையும் போட வேண்டாம். மூலப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற பிளான், வீட்டு வசதி வாரியத்தில் வாங்கிய வீடு என்றால் ஒதுக்கீட்டு ஆணை, எல்லாமும். இதில் பலர் அலட்சியம் செய்வது கடன் அடைத்த கடிதத்தை. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வீட்டுக் கடன் வாங்கி, கட்டி முடித்து, அடைத்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள் நிறைய. முப்பது வருடம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அடமானம் இன்னும் நிற்கும். அப்போது அந்த ஒற்றைக் கடிதம்தான் கைகொடுக்கும்.

வீட்டில் மாடி எடுத்தது, அறை கட்டியது போன்ற வேலைகளின் பில்களையும் வைத்திருங்கள். வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது விற்ற லாபத்துக்கு வரி போடும் கணக்கில், இந்தச் செலவைக் காட்டலாம். 2001 ஏப்ரல் 1க்கு முன் செய்த மேம்பாட்டுச் செலவு அந்தக் கணக்கில் வராது. அதனால் அதற்கு முந்தைய சிமென்ட் ரசீதுகளை நிம்மதியாகப் போடலாம்.

மனிதர்கள் சம்பந்தப்பட்டவை: பிறப்பு, இறப்புச் சான்றுகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பென்ஷன் ஆணை, சர்வீஸ் புத்தக நகல். குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்தின் பத்திரிகையிலும் ஒன்று. திருமணத்தைப் பதிவு செய்யும் பழக்கம் இல்லாத காலத்து ஜோடிகளுக்கு அந்தப் பத்திரிகை இன்றும் ஆதாரமாகக் கேட்கப்படுகிறது.

கரன்ட் பில், போன் பில், காஸ் ரசீது, செக் புத்தக அடிக்கட்டை எல்லாம் போகலாம். ஆனால் கையெழுத்து, பான் எண், ஆதார் நகல் உள்ள தாள்களைக் கிழித்துப் போடுங்கள். டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுக்கும் தாளில் யாருடைய ஆதார் நகலோ இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பழைய ஷேர் சர்டிஃபிகேட், பாஸ்புக், சேமிப்புப் பத்திரம் கிடைத்தால் பணம் வருமா?

வரலாம். கம்பெனி இன்னும் இருக்கிறதா, பெயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீதிக்கு வீதி ஷேர் விண்ணப்பம் நிரப்பிய காலத்துக் கம்பெனிகளில் பல இன்று இல்லை. இருப்பவற்றில், 2019 ஏப்ரல் 1 முதல் காகித வடிவில் ஷேரைக் கைமாற்ற முடியாது. ஆனால் இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றும் வழி திறந்தே இருக்கிறது. ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் ஷேர்கள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கே விண்ணப்பித்து மீட்கலாம். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

வங்கிக் கணக்கு பத்து வருடம் தொடாமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியிடம் உள்ள ஒரு நிதிக்கு மாறிவிடும். அப்போதும் உரிமை போகாது. 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துப் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம். தபால் அலுவலக இந்திரா விகாஸ் பத்திரம் கண்ணில் பட்டால் கவனமாக எடுத்துவையுங்கள். அதில் பெயரே இருக்காது, கையில் தாள் உள்ளவருக்குத்தான் பணம். தாள் தொலைந்தால் நகல் கேட்க வழியில்லை.

பெட்டியில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் இருக்கின்றன. மாற்ற முடியுமா?

முடியாது. 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என்று அறிவிக்கப்பட்டவை அவை. 2017இல் வந்த சட்டப்படி, இரண்டு வகையும் சேர்த்துப் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. "கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன்" என்று வருபவரை நம்பாதீர்கள். 2000 ரூபாய் நோட்டு என்றால் கதை வேறு: 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டாலும் அது செல்லாத நோட்டு ஆகவில்லை. சென்னையில் ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுத்துக் கணக்கில் சேர்க்கலாம்.

25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள். அவற்றுக்கு லட்சம் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் முன்பணம் பறிக்கும் ஏமாற்று.

அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார், அக்கா கோவையில். "எதையும் போடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்கள். என்ன செய்வது?

இதுதான் உண்மையான கேள்வி. ஷெட்டில் இருப்பது என்ன என்பதைவிட அது யாருடையது என்பதுதான் வேலையை நிறுத்திவைக்கிறது. ஊரில் இருப்பவர் தூசியில் நிற்பார், தூரத்தில் இருப்பவர் ஞாபகத்தில் நிற்பார். அவர் நினைவில் அந்தக் கேரம் போர்டு இன்னும் பவுடர் போட்டு வழவழப்பாக இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதோ கரையான் தின்ற பலகை.

ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து, பொருளுக்கு எண் போட்டு, குடும்ப வாட்ஸப் குழுவில் போடுங்கள். "வேண்டுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். "வேண்டும் என்றால் எந்தத் தேதிக்குள் யார் வந்து எடுத்துப்போவார்கள், வண்டிச் சத்தம் யார் கொடுப்பார்கள்?" என்று கேளுங்கள். பட்டியல் பாதியாகிவிடும். தேதி தாண்டினால் முடிவு உங்களுடையது என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். பேசினது ஞாபகம் இருக்காது, எழுதினது இருக்கும்.

பாத்திரங்களில் சிக்கல் வந்தால் அடியையும் விளிம்பையும் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்தில் சீர் பாத்திரங்களில் பெயரோ முதலெழுத்துகளோ, சில நேரம் தேதியோடு, பொறித்துத்தான் வாங்குவார்கள். அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த தவலையா, அத்தை விட்டுப்போன குடமா என்று அதுவே சொல்லிவிடும். அத்தையுடையது என்றால் அத்தை பிள்ளைகளுக்கு ஒரு போன் போடுவதுதான் முறை. எடுத்துக்கொள்ளாவிட்டாலும் கேட்டதற்காகச் சந்தோஷப்படுவார்கள்.

அம்மா எதையும் விடமாட்டேன் என்கிறார். எப்படிச் சமாளிப்பது?

அவரை ஊருக்கு அனுப்பிவிட்டுக் காலி செய்யலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். போர்டிகோவில் நிழலில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். கதை சொல்வார், வேலை தாமதமாகும், பரவாயில்லை. "இதைப் போடட்டுமா?" என்றால் வேண்டாம் என்பார். "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்றால் யோசிப்பார். வீட்டு வேலை செய்யும் பெண்ணின் மகள் கல்யாணத்துக்கு இட்லிப் பானை, கோயில் மடப்பள்ளிக்குப் பெரிய உருளி என்று அவரே பிரித்துக்கொடுப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பொருள் வீணாகிறதே என்பதுதான் அவர் வருத்தம். வைத்துக்கொள்வதில் அவருக்குப் பெரிய பிடிவாதம் இருப்பதில்லை.

எந்த மாதத்தில் செய்யலாம்?

பொங்கல் முடிந்து பங்குனி வரை நல்ல காலம். கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே எடுத்துப் பரப்ப முடியாது.

உள்ளே பாம்பு, தேள் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். எலி இருந்தால் பாம்பு வரும். பெட்டியை உங்கள் பக்கம் இழுக்காமல் கம்பால் தள்ளி நகர்த்துங்கள். கை நுழையாத இடத்தில் கையை விடாதீர்கள். ஷூ, கனமான கையுறை, பகல் வெளிச்சம் மூன்றும் கட்டாயம். பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாமல் விலகி நின்று தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசையாமல் வைத்து 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது, வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது.

எலிப் புழுக்கையை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காமல் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு அள்ளுங்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகவும் வரும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் கூடுதல் கவனம். கிடக்கிற வரை தொந்தரவு குறைவு. உடைத்தால், அறுத்தால், காய்ந்தபடி தேய்த்தால் வரும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கெடுதல், அதன் விளைவு பல வருடம் கழித்துத்தான் தெரியும். ஷீட்டைப் பிரிக்க வேண்டுமானால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். மேலிருந்து தள்ளி உடைக்க விடாதீர்கள்.

பித்தளை, வெண்கலத்தைக் காயலான் கடையில் போடலாமா?

போடலாம், ஆனால் எல்லாவற்றையும் "பித்தளை" என்று ஒரே தட்டில் வைக்காதீர்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம், செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. வெண்கலத்துக்கு விலை கூடுதல். தட்டினால் மணி ஓசை நீண்டு கேட்கும். தண்ணீர் அண்டாக்களில் சில முழுச் செம்பாகவே இருக்கும், கரும்பச்சைக் களிம்பைத் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மங்கிய வெள்ளை நிறத்தில், கையில் எடுத்தால் கொஞ்சம் வளைகிற ஒரு சின்னச் சொம்பு கிடைக்கலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. அது வெள்ளீயம், பித்தளையைவிடப் பல மடங்கு விலை உள்ளது. "அலுமினியம்" என்று சொல்லி எடுத்துப் போகப் பார்ப்பார்கள், கொடுக்காதீர்கள். அதைச் சமையலுக்கு எடுத்தால் தண்ணீரோ புளிக்கரைசலோ ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். வெறும் சொம்பு தீயில் உருகி ஓடிவிடும்.

பழைய ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் இவற்றை இரும்பு விலைக்குப் போட வேண்டாம். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று இருக்கும். தராசில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை வைத்துப் பாருங்கள், ஐந்து கிலோவும் கேன் எடையும் காட்ட வேண்டும். வீட்டுக்கு வருபவரிடம் விலை குறைவாகத்தான் கிடைக்கும், ஏற்றிப்போகிற கூலி அதற்குள் இருக்கிறது. அதில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கட்சி. பாத்திரக் கடையில் தேய்மானம் கழித்துக்கொண்டு புதுப் பாத்திரம் எடுப்பது இன்னொரு வழி.

அம்மி, ஆட்டுக்கல், உரல் யாரும் வாங்க மாட்டார்கள். தோட்டம் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள், அவரே வண்டி கொண்டுவந்தால்.

மரச் சாமான்கள் "ஆன்டிக்" விலைக்குப் போகுமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அது பழுது பார்த்து, பாலிஷ் போட்டு, வருடக்கணக்கில் கடையில் காத்திருந்த பொருளின் விலை. உங்களுக்குக் கிடைப்பது அதில் சிறு பகுதி. பர்மா தேக்கு, தோதகத்தி (ரோஸ்வுட்) என்றால் ஆள் வரும். தோதகத்தி கருஞ்சிவப்பாக, தூக்க முடியாத கனமாக இருக்கும். தட்டும்போது மாவு கொட்டினால் உளுத்துவிட்டது என்று அர்த்தம், அதை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், மற்ற மரத்துக்கும் பரவும். ஃபார்மிகா ஒட்டிய பலகை பீரோவுக்கு விலையே கிடையாது.

வீட்டை இடிக்கக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதவு, ஜன்னல், நிலைச்சட்டம், கிரில் எல்லாம் இடிப்பவருக்கே என்பதுதான் வழக்கம், அதைக் கணக்கிட்டுத்தான் அவர் தொகை சொல்வார். தலைவாசல் கதவு உங்களுக்கு வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இடிக்கிற அன்று காலையில் கேட்டால் கிடைக்காது.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்களுக்கு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் பொருந்தும். உலோகச் சிலை, கற்சிலை இருந்தால் தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் சூட்கேஸில் எடுத்துப்போக முடியாது.

மான் கொம்பு மாட்டிய பலகை, தாத்தாவின் துப்பாக்கி: இவற்றை என்ன செய்வது?

விற்கக் கூடாது, இன்னொருவருக்குப் பரிசாகவும் கொடுக்கக் கூடாது. மான் கொம்பு, தந்தம், புலி நகம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். தாத்தா பெயரில் உரிமைச் சான்று இருக்கிறதா என்று காகிதங்களில் தேடிவிட்டு வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். பரம்பரையாக வந்தால் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. துப்பாக்கி என்றால் லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்த பிறகு வாரிசுகள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். இரண்டிலும் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஓடாத சேட்டக், டிவிஎஸ் 50 இருக்கிறது. அப்படியே எடைக்குப் போடலாமா?

வண்டி எடைக்குப் போய்விட்டாலும் ஆர்டிஓ பதிவில் அது அப்பா பெயரில் உயிரோடுதான் இருக்கும். நம்பர் பிளேட்டை மாட்டி வேறு வண்டியில் யாராவது ஓட்டினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, வண்டி இனி ஓடாது, உடைக்கப்பட்டது என்பதைப் பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓவுக்குச் சொல்லிப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் அவர்களே ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள், ரத்து வேலையும் சுலபமாகும். பழைய வண்டிகளை உடைக்கும் புதுப்பேட்டைக் கடைகளில் சும்மா தள்ளிவிடுவதாக இருந்தால் சேஸிஸ் எண் பகுதியைப் படமெடுத்து, விற்ற ரசீது வாங்கி, நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

சேட்டக்கைப் புதுப்பித்து ஓட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆர்சி (பதிவுச் சான்று) கையில் இருந்தால் எடை விலையைவிட நன்றாகவே தருவார்கள். இங்கேயும் காகிதம்தான்.

டிவி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி?

சாலிடேர், டயனோரா காலத்துப் பெட்டி டிவியைக் காயலான் கடையில் போட்டால் செம்புக் கம்பிக்காகப் படக்குழாயை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. பழைய ஃப்ரிட்ஜில் வெட்டி எடுக்கும்போது வெளியேறும் வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது, 2010இல் இந்தியா அந்த வகை வாயுக்களை நிறுத்தியது. புதுசு வாங்கும் கடையில் மாற்றாகக் கொடுப்பது எளிது, அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள், உள்ளே குழந்தைகளின் படங்கள் இருக்கும்.

பேட்டரியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே தூக்குங்கள், அமிலம் ஒழுகும். பேட்டரி கடைக்காரரே பழசை எடுத்துக்கொண்டு புதுசில் விலை குறைப்பார்.

பெயின்ட், பூச்சி மருந்து, டியூப் லைட், டயர்?

சாக்கடையில் ஊற்றாதீர்கள், சாதாரணக் குப்பையோடு கலக்காதீர்கள். வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகக் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லியே கொடுங்கள். அவர் கையுறை இல்லாமல் கை விடக் கூடாது. வெள்ளைப் பொடி உள்ள பழைய டப்பாவில் "கமாக்சின்" என்று எழுதியிருந்தால் திறக்கவே வேண்டாம். ஒரு காலத்தில் மூட்டைப்பூச்சிக்கும் எறும்புக்கும் வீடு முழுக்கத் தூவியது, பிஎச்சி என்ற அந்த மருந்து 1997இல் தடை செய்யப்பட்டது. மாநகராட்சியிடம் விவரம் கேட்க 1913.

டயரை வெளியே போட்டுவைத்தால் மழைத் தண்ணீர் நின்று டெங்கு கொசு வளரும். முதலில் அனுப்ப வேண்டிய பொருட்களில் அதுவும் ஒன்று.

போகி அன்று எரித்துவிடலாமே?

மக்கிய பாயும் ஓலை விசிறியும் எரித்த காலத்துப் பழக்கம் அது. இன்றைய ஷெட்டில் இருப்பது ரெக்சின், பிளாஸ்டிக், ரப்பர். 2018 போகி அன்று காலைப் பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மாநகராட்சியே போகிக்கு முன் டயர், பழந்துணி, பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறது. சாஸ்திரத்துக்கு ஒரு கிழிந்த பாயை எரித்தால் போதும்.

புத்தகம், பழைய வார இதழ், ஓலைச்சுவடி?

பாடப் புத்தகமும் கைடும் எடைக்கு. வார இதழ்களில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த தொகுப்புகளை மட்டும் நிறுத்துங்கள். அன்றைய ஓவியங்களும் விளம்பரங்களும் அதில்தான் இருக்கின்றன, அச்சுப் புத்தகத்தில் இல்லை. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகையவற்றைப் பாதுகாக்கும் இடம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகம், இதழ், அழைப்பிதழ், நாடக நோட்டீஸ்களிலிருந்து 1994இல் உருவானது. நேராக மூட்டையோடு போய் நிற்காமல், பட்டியலும் படங்களும் அனுப்பிக் கேளுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை வாங்கமாட்டார்கள்.

ஓலைச்சுவடியை எண்ணெய் பூசவோ பிரிக்கவோ வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

கேசட், ஆல்பம், கல்யாண வீடியோ?

வீடியோ கேசட்டுக்கு முதலிடம். பூஞ்சை பிடித்த நாடாவை விசிஆரில் போட்டால் நாடாவும் போகும், கருவியின் ஹெட்டும் போகும். கணினியில் ஏற்றித்தரும் ஸ்டூடியோவில் கொடுங்கள். சினிமாப் பாட்டு கேசட்டுகளைத் தயங்காமல் போடலாம், குழந்தை பேசியதைப் பதிவு செய்தது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஃப்ரேம் படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு படமெடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் பெயர் எழுதுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத்தான் அந்த முகங்கள் தெரியும்.

பழைய பட்டுப் புடவை?

கிழிந்ததாக இருந்தாலும் ஜரிகை வெள்ளி என்றால் விலை உண்டு. தெருவில் கூவிக்கொண்டு வருபவரிடம் கொடுக்கும் முன் இரண்டு கடைகளில் கேளுங்கள். கட்டக்கூடியதாக இருந்தால் பாச்சை உருண்டை போடாமல் பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள், உருண்டை பட்டால் ஜரிகை கறுக்கும்.

காலி செய்த பிறகு ஷெட்டில் எதை வைக்கலாம்?

தரையில் எதையும் வைக்காதீர்கள். அட்டைப் பெட்டி தரையைத் தொட்டால் கரையான் ஏறும். ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் போட்டு, கீழ்த் தட்டைக் காலியாக விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பத்திரமும் சான்றிதழும் நனைந்து கூழாகின. ஏணி, தோட்டக் கருவி, கொலுப்படி, பொம்மைப் பெட்டி மேல் தட்டில் இருக்கலாம். காகிதம் என்று ஒன்றும் ஷெட்டில் இருக்கக் கூடாது, அது மாடிக்குப் போகட்டும்.

காரை உள்ளே விடலாம் இல்லையா?

அளந்துவிட்டுச் சொல்லுங்கள். இந்த ஷெட்கள் பலவும் ஃபியட்டையோ அம்பாசடரையோ மனதில் வைத்துக் கட்டியவை. ஃபியட் அகலம் ஐந்தடிக்கும் குறைவு. இன்றைய எஸ்யூவி கண்ணாடிகளை மடித்தாலும் ஏறக்குறைய ஆறடி வரும். அதற்கு மேல் டிரைவர் கதவைத் திறந்து இறங்க இரண்டடியாவது வேண்டும். கேட் அகலத்தையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள். உள்ளே இடம் இருந்து, கேட்டில் வண்டி நுழையாத வீடுகள் நிறைய.